சொன்னால் கேட்காத மூச்சு

மூச்சோடு உள்ளே போக வேண்டிய மருந்து, நோயாளியின் ஒத்துழைப்பு இல்லாமல் வேலை செய்யாது. சிரப்பை வாயில் புகட்டிவிடலாம். ஊசியைப் பிடித்து வைத்துப் போட்டுவிடலாம். இன்ஹேலருக்கு உதடுகளை இறுக மூட வேண்டும், மருந்து பீய்ச்சும் கணத்தில் மெதுவாகவும் ஆழமாகவும் மூச்சை இழுக்க வேண்டும், இழுத்ததைப் பத்து விநாடி அடக்கிவைக்க வேண்டும். ஒன்றரை வயதுக் குழந்தை இதில் ஒன்றையும் செய்யாது. முகத்தைத் திருப்பும், கையைத் தட்டிவிடும், வீறிட்டு அழும். மூச்சு மருந்தின் வரலாறு பெரும்பாலும் பெரியவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. சொன்னால் கேட்காத இந்த வயதுக்காக அந்தக் கருவிகளை எப்படியெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது என்பது தனிக் கதை.

பழைய மருத்துவ நூல்களில் இந்தச் சிக்கல் தெரிந்தே இருந்தது. கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸ், சூடான கல்லின் மேல் மூலிகையை இட்டு எழும் ஆவியை இழுக்கச் சொல்கிறது. ஆயுர்வேதத்தில் மருந்துப் புகை இழுப்பது 'தூமபானம்' என்ற பெயரில் முறைப்படுத்தப்பட்ட சிகிச்சை. ஆனால் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் அதற்கு வயது வரம்பு வைக்கிறது: மூக்கில் விடும் மருந்து ஏழு வயதுக்குக் கீழே கூடாது, வாய் கொப்பளிப்பது ஐந்துக்குக் கீழே கூடாது, மருந்துப் புகை பதினெட்டுக்குக் கீழே கூடவே கூடாது. மருந்தின் வீரியம் ஒரு காரணமாக இருக்கலாம். சொன்னபடி செய்யும் வயது வேண்டும் என்பதும் அந்த எண்களின் வரிசையில் தெரிகிறது.

ஆகவே சிறு குழந்தைக்குப் பழங்காலம் கண்ட வழி ஒன்றுதான். குழந்தை மருந்தை இழுக்காவிட்டால், குழந்தை இருக்கும் காற்றையே மருந்தாக்கிவிடுவது. தமிழ் வீடுகளில் சளி பிடித்த பிள்ளையைப் பாட்டி மடியில் வைத்துப் போர்வைக்குள் நொச்சி இலை வேது பிடித்ததும் இந்த வழிதான். பச்சிளங் குழந்தையைக் குளிப்பாட்டித் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கமும் இதன் பக்கத்தில் நிற்கிறது. அந்தப் புகை மூச்சுக்குழலை உறுத்தி இழுப்பைத் தூண்டும் என்று இன்றைய குழந்தை மருத்துவர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள்.

ஆஸ்துமாவுக்குப் புகை இழுக்கும் பழக்கம் ஐரோப்பாவில் பரவியதில் சென்னைக்கு நேரடிப் பங்கு உண்டு. மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சைதாப்பேட்டையில் தாவரத் தோட்டம் அமைத்தவரும் அவரே. இழுப்புக்கு ஊமத்தையின் வேரையும் அடித்தண்டையும் உலர்த்தி நறுக்கிப் புகைக்கும் முறையை அவர் கையாண்டார். 1802-இல் மதராஸிலிருந்து நாடு திரும்பிய ஜெனரல் ஜென்ட் அந்த முறையை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். இங்கே பயன்பட்ட ஊமத்தை அங்கே கிடைக்காததால் அதன் இனத்தைச் சேர்ந்த 'ஸ்ட்ரமோனியம்' அந்த இடத்தைப் பிடித்தது. நூறாண்டுக்கு மேலாக ஆஸ்துமா சிகரெட்டுகளாகவும் கொளுத்தும் பொடிகளாகவும் அது மருந்துக் கடைகளில் விற்றது. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் மூச்சுக்குழல் தசையைத் தளர்த்தும் என்பதால் மருந்தில் உண்மை இருந்தது. அட்ரோபினிலிருந்து உருவாக்கப்பட்ட இப்ராட்ரோப்பியம் இன்றும் மோசமான இழுப்போடு வரும் குழந்தைகளுக்கு நெபுலைசரில் கொடுக்கப்படுகிறது.

குழந்தைகளுக்கும் அந்தக் காலத்தில் புகைதான் கிடைத்தது. பின்னாளில் அமெரிக்க அதிபரான தியடோர் ரூஸ்வெல்ட் 1858-இல் நியூயார்க்கில் பிறந்தவர். சிறு வயதிலேயே கடும் ஆஸ்துமா. அவருக்குக் கருங்காப்பி கொடுத்தார்கள், சுருட்டுப் பிடிக்க வைத்தார்கள். இரவில் மூச்சு முட்டும்போது தந்தை குதிரை வண்டியில் ஏற்றி வேகமாக ஓட்டிச் சென்றார், எதிர்க்காற்று நெஞ்சுக்குள் இறங்கட்டும் என்று. சுருட்டை இழுக்கத் தெரியாத இன்னும் சிறிய பிள்ளைகளுக்குப் பொடியைத் தட்டில் கொட்டிக் கொளுத்தி அறையைப் புகையால் நிரப்பினார்கள். எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. அளவு என்ற கேள்வியே அப்போது எழவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகையின் இடத்துக்கு நீராவி வந்தது. கக்குவான், தொண்டை அடைப்பு, மார்ச்சளி கண்ட குழந்தையின் கட்டிலைச் சுற்றிப் போர்வையால் கூடாரம் கட்டி, நீண்ட மூக்குள்ள கெண்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆவியை அந்தக் கூடாரத்துக்குள் செலுத்துவார்கள். ஐரோப்பிய மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில் இந்த 'மார்ச்சளிக் கெண்டி' நிரந்தரச் சாமானாக இருந்தது. அந்தத் தண்ணீரில் கலக்கும் 'பால்சம்' மருந்தின் முக்கியச் சரக்கு பென்சாயின் பிசின். அதாவது நம்மூர்க் கடையில் சாம்பிராணி என்று கேட்டால் கொடுக்கும் அதே பொருள். கொதிகெண்டியின் பக்கத்தில் துள்ளும் குழந்தை என்பது எப்போதுமே ஆபத்தான ஏற்பாடு. கொதிநீர் பட்டு வெந்த குழந்தைகள் மருத்துவமனைக்கு வருவது, ஆவி பிடிக்கும் வழக்கம் இருக்கும் எல்லா நாட்டிலும் இன்றுவரை தொடர்கிறது.

அமெரிக்காவில் இன்னொரு வழி வணிகமானது. 1880-களில் சந்தைக்கு வந்த 'வேப்போ-கிரெசோலீன்' என்பது ஒரு சிறு விளக்கு. அதன் மேல் கிண்ணத்தில் தாரிலிருந்து எடுத்த கிரெசால் திரவத்தை ஊற்றிக் குழந்தை தூங்கும் அறையில் இரவு முழுக்க எரியவிட வேண்டும். கக்குவானும் சளியும் தூக்கத்திலேயே குணமாகும் என்று விளம்பரம் சொன்னது. தூங்கும் குழந்தை மறுக்காது என்பதே அந்தச் சரக்கின் விற்பனை ரகசியம். கிரெசால் நஞ்சு என்பதும், அந்த விளக்கு எதையும் குணப்படுத்தவில்லை என்பதும் தெரிந்த பிறகும் பல பத்தாண்டுகள் அது விற்றது. விழித்திருக்கும் குழந்தையோடு மல்லுக்கட்டுவதைவிட எந்தப் பெற்றோருக்கும் அது எளிது.

இதற்கு இணையாகப் பெரியவர்களுக்கான கருவிகள் வேறு பாதையில் வளர்ந்தன. பிளிமத் ஊர் மருத்துவர் ஜான் மட்ஜ் 1778-இல் வெள்ளீயக் குவளை ஒன்றை மாற்றியமைத்து அதற்கு 'இன்ஹேலர்' என்று பெயர் வைத்தார். 1858-இல் பாரிஸில் சாலே-ழிரோன் மருந்து நீரைப் பொடித்துளியாக்கும், கையால் அடிக்கும் பம்பைக் காட்டினார். அட்ரினலின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, கண்ணாடிக் குமிழும் ரப்பர் பந்தும் கொண்ட தெளிப்பான்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீடுகளுக்கு வந்தன. பந்தை அமுக்கும் கையும் இழுக்கும் மூச்சும் ஒத்துப்போக வேண்டும் என்பதால், இவற்றில் எதுவும் சிறு குழந்தைக்கு ஏற்றதல்ல.

கூடாரம் என்ற எண்ணம் மட்டும் விடவில்லை. 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மருத்துவர் லெராய் மேத்யூஸ், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நுரையீரல் நோய் கண்ட குழந்தைகளை மூடுபனி போன்ற துளிகள் நிரம்பிய கூடாரங்களுக்குள் இரவெல்லாம் தூங்கவைத்தார். அவருடைய முழுச் சிகிச்சைத் திட்டம் நோயாளிகளின் ஆயுளைக் கூட்டியது. ஆனால் கூடாரத்தின் பங்கு அதில் இருந்ததாக நிரூபிக்க முடியாமல் 1970-களில் அது கைவிடப்பட்டது. காலையில் படுக்கையும் தலைமுடியும் நனைந்திருந்தன. நுரையீரலை எட்டியது சொற்பம்.

அளவு என்ற கேள்விக்கு விடை 1956-இல் வந்தது. அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மேசனின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி தன் மருந்தும் டப்பாவில் வரக்கூடாதா என்று அவள் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. வாசனைத் திரவியத்துக்காக உருவான அளவு வால்வு, குளிர்பதனப் பெட்டிக்காக உருவான ஃப்ரீயான் வாயு இரண்டையும் சேர்த்து, ஒரு அமுக்குக்கு ஒரே அளவு மருந்தைப் பீய்ச்சும் குப்பியை நிறுவனம் உருவாக்கியது. மூச்சுக்குழலை விரிக்கும் அட்ரினலினும் ஐசோப்ரினலினும் அதில் அடைக்கப்பட்டன. கேள்வி கேட்டது 13 வயதுப் பெண் என்பதால் கருவியும் அந்த வயதுக்குப் பொருந்தியது. இரண்டு வயதுக்குப் பொருந்தவில்லை.

அந்தக் குப்பி இளையோர் கையில் ஒரு பேரழிவோடும் சேர்த்துப் பேசப்பட்டது. 1960-களில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் ஆஸ்துமா இறப்புகள் திடீரென ஏறின. குறிப்பாக 10 முதல் 14 வயதினரிடம் பல மடங்கு. வீரியம் கூடிய ஐசோப்ரினலினை அளவுக்கு மீறி அடித்தது காரணமா, நிவாரணம் கிடைத்துவிட்டதாக நம்பி மருத்துவமனைக்குப் போகத் தாமதித்தது காரணமா என்ற விவாதம் நீண்டது. 1968-இல் பிரிட்டன் அந்தக் குப்பியை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கத் தடை விதித்தது. அடுத்த ஆண்டே டேவிட் ஜாக்கின் குழு உருவாக்கிய சால்பியூட்டமால் சந்தைக்கு வந்தது. இதயத்தை அதிகம் படபடக்க வைக்காமல் மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து அது. 1972-இல் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டான பெக்லோமெத்தசோன். இன்றைய சிகிச்சையின் இரண்டு கால்களும் அதோடு ஊன்றிவிட்டன.

குழந்தைக்கு இவற்றை ஏன் சிரப்பாகவே கொடுக்கக் கூடாது? பல நாடுகளில், குறிப்பாக இந்தியாவில், அப்படித்தான் நெடுங்காலம் கொடுத்தார்கள். இன்ஹேலர் ஒரு முறை பீய்ச்சும் சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம். ஐந்து மில்லி சிரப்பில் இருப்பது 2 மில்லிகிராம், அதாவது இருபது மடங்கு. குடித்தது இரத்தத்தில் கலந்து உடலெல்லாம் சுற்றிய பிறகே நுரையீரலுக்கு வருகிறது; அதற்குள் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பிள்ளை தூங்காது. ஸ்டீராய்டில் வேறுபாடு இன்னும் பெரியது: நாள்தோறும் குடித்தால் வளர்ச்சியைக் கெடுக்கும் மருந்து, மூச்சில் போனால் மைக்ரோகிராம் கணக்கில் அடங்கிவிடுகிறது. "இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாது" என்ற அச்சம் தமிழ்நாட்டு வீடுகளில் இன்றும் கேட்கும் பேச்சு. அந்த அச்சம் சிறு அளவை விலக்கிப் பெரிய அளவை உட்கொள்ள வைத்தது என்பதுதான் வேடிக்கை.

சிறுவர்களுக்காகவே யோசித்தது போன்ற ஒரு கருவி 1960-களின் இறுதியில் வந்தது. சோடியம் குரோமோகிளைகேட் மருந்தைக் கண்டறிந்த ரோஜர் அல்துன்யன் தாமும் ஆஸ்துமா நோயாளி. தமக்குத் தாமே இழுப்பை வரவழைத்துக்கொண்டு சேர்மங்களைச் சோதித்தவர். போர்க்காலத்தில் விமானம் ஓட்டிய அவர், மூச்சிழுக்கும்போது சுழலும் சிறு விசிறியால் பொடியைத் தூவும் 'ஸ்பின்ஹேலரை' உருவாக்கினார். ஆர்தர் ரான்சமின் 'ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்' சிறுவர் நாவலில் வரும் ரோஜர் என்ற பையனுக்கு மூலம் இவரே. ஆனால் விசிறியைச் சுழற்றப் பலமான மூச்சு வேண்டும்; ஐந்து வயதுக்குக் கீழே அது கிடையாது. நாவலின் ரோஜரால் ஓட்டியிருக்கக்கூடிய கருவி, அவன் தங்கைப் பாப்பாவுக்கு உதவியிருக்காது.

திருப்பம் 1970-களின் பிற்பகுதியிலும் 1980-களிலும் நேர்ந்தது. லண்டனில் ஸ்டீபன் நியூமனும் கூட்டாளிகளும் கதிரியக்க அடையாளமிட்ட துகள்களைக் கொண்டு 1981-இல் அளந்தபோது, பெரியவர்கள் குப்பியை நேராக வாயில் வைத்து அடித்தால் பத்தில் ஒரு பங்குகூட நுரையீரலை எட்டவில்லை என்று தெரிந்தது. எண்பது சதவீதம் வாயிலும் தொண்டையிலும் ஒட்டியது. குப்பிக்கும் வாய்க்கும் நடுவே ஒரு வெற்றறையை வைத்தால், வேகமாக வரும் பெரிய துளிகள் அதன் சுவரில் படிந்துவிடும். நுண்துளிகள் சற்று நேரம் மிதக்கும். அமுக்கும் கணமும் இழுக்கும் கணமும் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஸ்வீடனின் ஆஸ்ட்ரா நிறுவனம் பேரிக்காய் வடிவில் 750 மில்லி கொள்ளளவில் செய்த 'நெபுஹேலர்', பிரிட்டனின் 'வாலுமாட்டிக்', கனடாவின் 'ஏரோசேம்பர்' எல்லாம் அந்தக் காலத்தில் பிறந்தவை. இன்று மருந்துக் கடையில் 'ஸ்பேசர்' என்று கேட்டு வாங்குவது இவற்றின் வாரிசையே.

பெரியவர்களின் கை தடுமாறியதால் வந்த கருவிதான் என்றாலும், அதன் பெரிய பயன் குழந்தைக்கே. ஆழமாக இழுக்கத் தேவையில்லை, சாதாரணமாக மூச்சு விட்டாலே போதும் என்றால், கட்டளை புரியாத வயதும் உள்ளே வந்துவிடுகிறது. இடையில் மூன்று தடைகள் நின்றன. ஸ்பேசரின் வாய்ப்பகுதியை உதட்டால் கவ்வக் குழந்தைக்குத் தெரியாது. வால்வைத் திறக்கும் அளவுக்கு அதன் மூச்சில் பலமில்லை. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை ஒரு மூச்சில் இழுப்பது 100 மில்லி அளவுதான். 750 மில்லி அறையைக் காலி செய்வதற்குள் மருந்து சுவரில் படிந்துவிடும்.

இதற்கான முதல் விடைகள் தொழிற்சாலையில் கிடைக்கவில்லை, மருத்துவமனையில் கைக்குக் கிடைத்ததை வைத்தே செய்தார்கள். 1977-இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் ஃப்ரைகாங் என்ற மருத்துவர் நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெக்லோமெத்தசோன் கொடுக்கும் புதிய முறையை எழுதினார். 1983-இல் ஹென்றி, மில்னர், டேவிஸ் மூவரும் காப்பி குடிக்கும் சாதாரணக் கோப்பையின் அடியில் ஓட்டையிட்டு, குப்பியின் வாயைச் செருகி, கோப்பையைக் குழந்தையின் மூக்கும் வாயும் மூடும்படி கவிழ்க்கச் சொன்னார்கள். 1989-இல் ஓகலகனும் கூட்டாளிகளும் மூச்சு நின்ற குழந்தையை மீட்கப் பயன்படும் மாஸ்க்கை நெபுஹேலரில் மாட்டினார்கள். வால்வைக் குழந்தையின் மூச்சு திறக்காவிட்டால் என்ன, கருவியைச் சாய்த்துப் பிடித்தால் அதன் எடையே திறந்து வைக்கும் என்று கண்டார்கள். பிறகுதான் நிறுவனங்கள் சிறிய அறையும் மெல்லிய வால்வும் மிருதுவான மாஸ்க்கும் கொண்ட குழந்தை ஸ்பேசர்களைக் கொண்டுவந்தன.

அதே ஆண்டுகளில் மின்சார நெபுலைசர் வேறு வழியாக வீட்டுக்குள் நுழைந்தது. அதற்கு எந்தத் திறமையும் வேண்டாம். மாஸ்க்கை மாட்டிவிட்டுப் பத்து நிமிடம் உட்கார வைத்தால் முடிந்தது. பெற்றோருக்கும் அவசரப் பிரிவுச் செவிலியருக்கும் அது நம்பிக்கை தரும் இயந்திரம். சத்தம் வருகிறது, புகை போல ஏதோ வருகிறது, ஆகவே வேலை நடக்கிறது. குழந்தையின் பக்கம் நிலைமை வேறு. கடகடவென்று அதிரும் பெட்டியும் முகத்தில் குளிர்ந்து படும் ஈரமும் அதைப் பயமுறுத்தும். மீன் முக மாஸ்க்கும் பெங்குவின் வடிவப் பெட்டியும் அதற்காகவே வந்தன. அதுவும் பலிக்காதபோது மாஸ்க்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஆவியை முகத்தின் பக்கம் ஊதவிடும் சமரசம் எல்லா நாட்டிலும் பரவியது. ஆய்வகத்தில் அளந்தபோது, மாஸ்க் ஒரு சென்டிமீட்டர் விலகினாலே ஏறக்குறையப் பாதி மருந்து காற்றோடு போய்விடுவதும், இரண்டு சென்டிமீட்டரில் மிகச் சொற்பமே மிஞ்சுவதும் தெரிந்தது. மார்ச்சளிக் கூடாரம் வேறு உருவில் திரும்பி வந்திருந்தது.

அழுகையைப் பற்றிய நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அழும் குழந்தை பெருமூச்சு வாங்குகிறது, ஆகவே மருந்து நன்றாக உள்ளே இறங்கும் என்று பெற்றோர் மட்டுமல்ல, மருத்துவப் பணியாளர் பலரும் நம்பினார்கள். பிடித்து வைத்துக் கொடுப்பதற்கு அது மனச்சமாதானமாகவும் இருந்தது. 1990-களில் அது அளக்கப்பட்டது. இஸ்ரேலில் ஆஷர் தால் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பேசரும் மாஸ்க்கும் வைத்துக் கொடுத்த சால்பியூட்டமாலில் சிறு குழந்தைகளின் நுரையீரலை எட்டியது சராசரியாக இரண்டு சதவீதம் மட்டுமே. 1999-இல் பிரிட்டனின் ஐல்ஸ், லிஸ்டர், எட்மண்ட்ஸ் மூவரும் எளிய வழியொன்றைக் கையாண்டார்கள். குரோமோகிளைகேட் நுரையீரலில் உறிஞ்சப்பட்டால் மாறாமல் சிறுநீரில் வெளிவரும். வயிற்றில் விழுந்தால் பெரும்பாலும் உறிஞ்சப்படாது. ஒரே குழந்தைகள் அமைதியாக இருந்தபோதும் அழுதபோதும் கொடுத்துச் சிறுநீரைச் சோதித்தார்கள். அழுதபோது உள்ளே சென்றது பல மடங்கு குறைந்திருந்தது.

காரணம் அழுகையின் அமைப்பிலேயே இருக்கிறது. அழுகை என்பது நீண்ட வெளிமூச்சு. நடுவே வெடுக்கென்று ஒரு குறுகிய உள்மூச்சு. அந்த வேகத்தில் துளிகள் வளைந்து திரும்ப முடியாமல் தொண்டையின் பின்சுவரில் மோதி ஒட்டுகின்றன. விழுங்கப்பட்டு வயிற்றுக்குப் போகின்றன. திமிறும் முகத்தில் மாஸ்க்கின் ஓரமும் பொருந்தாது. ஆக, இருவர் பிடித்துக்கொண்டு ஒருவர் அமுக்கிய காட்சிகளில் பலவற்றில் மருந்து கொடுக்கப்படவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். சிகிச்சை பலிக்கவில்லை என்று மருத்துவர்கள் அளவைக் கூட்டியதில் எத்தனை இந்தக் கணக்கு என்பதை இனி யாரும் எண்ண முடியாது.

தூக்கத்தில் கொடுத்துவிடலாமே என்ற பழைய ஆசையையும் சோதித்தார்கள். ரோட்டர்டாமின் சோஃபியா குழந்தைகள் மருத்துவமனைக் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தூங்கும் குழந்தையின் முகத்தில் மாஸ்க்கை வைத்ததும் பெரும்பாலோர் விழித்துக்கொண்டார்கள். விழித்தவர்களில் பெரும்பாலோர் கலவரப்பட்டார்கள். வேப்போ-கிரெசோலீன் விளக்கின் வாக்குறுதி மாஸ்க்குக்குப் பொருந்தவில்லை.

குழந்தையை அமைதிப்படுத்துவது சிகிச்சையின் பகுதி என்றானதும், மருத்துவமனையில் தாயின் இடம் முக்கியமானது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேற்கத்திய மருத்துவமனைகள் பலவற்றில் பெற்றோர் வாரத்துக்கு ஓரிரு முறை வந்து பார்க்கவே அனுமதி. 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையைப் படம் பிடித்துக் காட்டியது மருத்துவர்களைச் சங்கடப்படுத்தியது, பலர் கோபப்பட்டார்கள். பிரிட்டனில் 1959-இன் பிளாட் அறிக்கை பெற்றோர் தடையின்றி உடனிருக்கப் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் எம்மா பிளாங்க் 1955 முதல் கிளீவ்லாந்து மருத்துவமனையில் விளையாட்டின் வழியே குழந்தைகளைச் சிகிச்சைக்குத் தயார்ப்படுத்தும் பணியைத் தொடங்கினார். இந்தியாவின் பொது மருத்துவமனைகளில் தாயைப் பிரிக்கும் வழக்கம் அந்த அளவுக்கு வேரூன்றியதில்லை. படுக்கையிலேயே தாயும் படுத்திருப்பார். பற்றாக்குறையால் வந்த ஏற்பாடு இங்கே நல்லதாக முடிந்தது.

ஆஸ்துமா செவிலியர்கள் ஊருக்கு ஊர் கற்றுக்கொடுக்கும் முறை இந்தப் பின்னணியில்தான் உருவானது. ஸ்பேசரை முதலில் விளையாட்டுப் பொருளாகக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுவது. மருந்து இல்லாமல் மாஸ்க்கைக் கன்னத்தில், பிறகு மூக்கில் வைத்துப் பழக்குவது. பொம்மைக்கும் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் 'பஃப்' கொடுப்பது போல நடித்துக் காட்டுவது. கொடுக்கும்போது குழந்தையின் முதுகு பெரியவரின் மார்பில் சாயும்படி மடியில் அமர்த்தி, ஒரு கையால் அணைத்து, மறு கையால் மாஸ்க்கை மூக்கும் வாயும் மூடப் பொருத்துவார்கள். குப்பியைக் குலுக்கி ஒரே ஒரு முறை அமுக்கி, ஐந்தாறு மூச்சு எண்ணுவது. அடுத்த பஃப் வேண்டுமானால் மறுபடி குலுக்குவது. எண்ணிக்கை குழந்தைக்கும் முடிவு எப்போது என்று சொல்லிவிடுவதால், பாட்டாகவோ ராகமாகவோ எண்ணுவது வழக்கம். ஸ்டீராய்டாக இருந்தால் முகத்தைத் துடைத்துத் தண்ணீர் குடிக்கக் கொடுப்பார்கள். பல் துலக்குவதோடு சேர்த்து ஒரே நேரத்தில் கொடுத்தால் ஓரிரு வாரத்தில் எதிர்ப்புத் தணிவது பொதுவான அனுபவம்.

இந்த அனுபவத்தைக் கருவிக்குள்ளேயே அடைக்கும் முயற்சிகளும் நடந்தன. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உருவான 'ஃபன்ஹேலர்' ஸ்பேசரில், மூச்சு விட்டால் சுழலும் தட்டும் ஒலிக்கும் ஊதலும் இருந்தன. மருந்து போகும் பாதைக்குக் குறுக்கே வராமல் தனிக் கிளையில் வைக்கப்பட்டவை. 2003-இல் வெளியான சிறு ஆய்வில், முந்தைய நாள் மருந்து கொடுத்ததாகச் சொன்ன பெற்றோரின் எண்ணிக்கை 27-இல் 16-லிருந்து 22 ஆக உயர்ந்தது. இஸ்ரேலின் இஸ்ரேல் அமிராவ் குழு, சப்பும் ரப்பர்க் காம்பை மாஸ்க்கின் நடுவே பொருத்தியது. குழந்தை சப்பும்போது மாஸ்க் தானாக முகத்தோடு ஒட்டும், மூச்சு மூக்கு வழியே அமைதியாக நடக்கும்.

பெர்த்திலிருந்து வந்த இன்னொரு கண்டுபிடிப்பு செலவில்லாதது. பிளாஸ்டிக் ஸ்பேசரில் நிலைமின்னேற்றம் சேர்ந்து மருந்துத் துளிகளைச் சுவருக்கு இழுத்துக்கொள்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் முக்கி எடுத்து, துடைக்காமலும் மறுபடி அலசாமலும் காற்றில் உலரவிட்டால் அந்த ஏற்றம் போய்விடும் என்று 1999-இல் பியராரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். ஸ்பேசரைத் துணியால் பளபளவென்று துடைத்து வைக்கும் சுத்தமான வீடுகளில்தான் மருந்து அதிகம் வீணாகியிருக்கிறது.

அதே 1999-இல் கேப் டவுனின் ரெட் கிராஸ் போர் நினைவுக் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து ஹெதர் ஸார் குழுவினரின் ஆய்வு 'லான்செட்' இதழில் வந்தது. விலைக்கு வாங்கும் ஸ்பேசர் ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாதது. ஆகவே 500 மில்லி குளிர்பான பாட்டிலின் அடியில், காய்ச்சிய கம்பியால் குப்பியின் வாய் அளவுக்கு ஓட்டையிட்டு, பிளாஸ்டிக் இளகியிருக்கும்போதே குப்பியைச் செருகிப் பசையால் இடைவெளியை அடைத்தார்கள். இடைவெளி அடைத்த பாட்டில் கடை ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது. அதே ஆய்வில் ஒப்பிட்ட தெர்மோகோல் கோப்பைதான் கடைசி. உலகச் சுகாதார நிறுவனத்தின் குழந்தை மருத்துவக் கையேட்டில் பாட்டில் ஸ்பேசர் படத்தோடு இடம்பெற்றது.

நெபுலைசரா ஸ்பேசரா என்ற வழக்கும் ஏறக்குறைய அதே காலத்தில் தீர்ந்தது. கிறிஸ் கேட்ஸ் தொடங்கித் தொடர்ந்து புதுப்பித்த காக்ரேன் தொகுப்பாய்வு, திடீர் இழுப்பில் ஸ்பேசர் நெபுலைசருக்குக் குறைந்ததல்ல என்றும், குழந்தைகள் அவசரப் பிரிவில் இருக்கும் நேரம் ஸ்பேசரில் குறைகிறது என்றும் கண்டது. ஆனாலும் வழக்கம் மெதுவாகவே மாறியது. இந்தியாவில் மூச்சிரைப்போடு போனால் "நெபுலைஸ் பண்ணிடலாம்" என்பதே முதல் வார்த்தையாக நீடித்தது. 2020-இல் கொரோனா பரவியபோது நெபுலைசர் காற்றில் கிருமியைப் பரப்பலாம் என்ற அச்சத்தால் பல மருத்துவமனைகள் ஒரே மாதத்தில் ஸ்பேசருக்கு மாறின. இருபது ஆண்டுச் சான்றுகள் செய்யாததை அந்த அச்சம் செய்தது.

குப்பியின் வாயு இரண்டு முறை விசாரணைக்கு வந்திருக்கிறது. ஓசோன் படலத்தைக் காக்கும் 1987 மான்ட்ரியல் உடன்பாட்டால் ஃப்ரீயான் வெளியேறி, 1990-களின் நடுவில் ஹெச்.எஃப்.ஏ. வாயு வந்தது. அதுவும் புவியைச் சூடாக்கும் வாயு என்பதால், பெரியவர்களை உலர்பொடி இன்ஹேலருக்கு மாற்றும் முயற்சி இப்போது ஐரோப்பிய நாடுகளில் நடக்கிறது. பொடியை இழுக்கத் தேவையான மூச்சு ஐந்து வயதுக்குக் கீழே இல்லாததால், அந்த வயதினருக்கு மட்டும் வழிகாட்டு நெறிகள் அழுத்தக் குப்பியையும் மாஸ்க் பொருத்திய ஸ்பேசரையுமே முதல் தேர்வாக வைத்திருக்கின்றன.